மைனஸ் 86 மீட்டரில் எங்கள் வயல்

எங்கள் வயல் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடப்பதாகப் போன் காட்டியது. சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா, கடலு இங்கேருந்து இருபது இருபத்தஞ்சு கிலோமீட்டருதான். நாம இவ்ளோ பள்ளத்துல இருந்தா எப்பவோ முழுகியிருக்கணுமே?"

கையில் பிவிசி பைப், அதன் உச்சியில் காளான் மாதிரி ஒரு ஆன்டெனா, இடுப்பில் பவர் பேங்க். அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு அவருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன். வளைகுடாவில் ஆறு வருடம் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியைப் பிடித்தவன் நான். அங்கே உயரத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. உயரம் தெரிந்த ஒரு புள்ளியை, பெஞ்ச்மார்க்கை, கம்பெனி கொடுக்கும், அதிலிருந்து ஆரம்பித்தால் போதும். ஊரில் அப்படி யார் கொடுப்பார்கள்?

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு நாலரை மா நிலம். ஒரு மா 33 சென்ட் கணக்கில், ஒன்றரை ஏக்கருக்கு ஒன்றரை சென்ட் குறைச்சல். நாங்கள் கடைமடை. மேட்டூரைத் திறந்தார்கள் என்று செய்தியில் பூத்தூவிக் காட்டிய பிறகு, அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாற்றுத் தலைப்பில் பிரிந்து, கோரையாறு, முள்ளியாறு என்று கை மாறிக் கை மாறி எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர வேண்டும். வந்தாலும் மேற்கு வரப்போரம் காய்ந்தே கிடக்கும், கிழக்கு மூலையில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். "வயலு மேடு, அவ்ளோதான்" என்பது சித்தப்பா கட்சி. "வயலு சரியாத்தான் இருக்கு, வாய்க்கா தூர்ந்துபோச்சு" என்பது பக்கத்து வயல்காரர் கட்சி. பத்து வருடமாக டீக்கடையில் இந்த வழக்கு நடக்கிறது. அளந்து பார்த்துவிடலாம் என்று நான் இறங்கினேன்.

இதற்கு மட்டம் பார்க்கும் தொலைநோக்கி, ஆட்டோ லெவலே போதுமே என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். வயலுக்குப் போதும். ஆனால் வாய்க்கால் 600 மீட்டருக்குக் கருவைப் புதருக்குள் நெளிந்து நெளிந்து வருகிறது. முப்பது மீட்டருக்கு மேல் எதிரே பிடிக்கும் அளவுகோல், ஸ்டாஃப், தெரியாது. டெல்டாவில் இது பழைய தலைவலி. இந்தியாவை அளக்கக் கிளம்பிய ஆங்கிலேயர் லாம்டன் 1808-ல் தஞ்சாவூர் வந்தபோது ஏறி நின்று பார்க்க ஒரு குன்று கிடைக்காமல், கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயில் மேல் கயிறு கட்டி ஏற்றினார். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. அதைத் தட்டி நிமிர்த்தவே அவருக்கு ஆறு வாரம் ஆனது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மேலே வானம் தெரிந்தால் போதும்.

போனுக்குள் இருக்கும் ஜிபிஎஸ் நல்ல வெட்டவெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தப்பும், உயரத்தில் அதைவிட மோசம். ஸ்விக்கிக்காரருக்கு அது போதும். என் வயலில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் இருக்கும் வித்தியாசமே ஒரு சாண்கூட வராது. அதனால்தான் வெளி ரிசீவர். நான் வாங்கியது யு-பிளாக்ஸ் ஜெட்-எஃப்9பி சிப் வைத்த போர்டு, இரண்டு. ஒன்று வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் அசையாமல் உட்காரும். அதுதான் பேஸ். இன்னொன்று என் பைப்பில் ஏறி வயலில் திரியும், ரோவர். வீட்டுக்கும் வயலுக்கும் ஒன்றேகால் கிலோமீட்டர். மாடியில் இருக்கும் பேஸ் நகரவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆகவே சிக்னல் அதை நகர்ந்ததாகக் காட்டினால் அது சிக்னலின் தப்பு. அந்தத் தப்பை இணையம் வழியாக உடனுக்குடன் ரோவருக்கு அனுப்பினால், ரோவர் தன் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளும். இதற்குப் பெயர் ஆர்டிகே. சொந்த பேஸ் இல்லாதவர்களுக்கு சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க நிரந்தர நிலையங்கள் வைத்திருக்கிறது, பதிவு செய்து வாங்கிக்கொள்ளலாம். எனக்கு வயலுக்குள் ஏற்ற இறக்கம் மட்டும்தான் வேண்டும், உலக வரைபடத்தில் சரியான இடம் வேண்டாம். ஆகவே சொந்த பேஸே போதும் என்று முடிவு செய்தேன்.

போனோடு இணைப்பதற்கு வருவோம். போர்டில் ப்ளூடூத் கிடையாது. இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எச்.சி.-05 என்ற குட்டி ப்ளூடூத் மாட்யூலை நான்கு கம்பியில் பற்றவைத்தேன். போனில் தேடினால் வந்தது, 1234 போட்டால் ஜோடி சேர்ந்தது, விளக்கும் நிதானமாகச் சிமிட்டியது. ஆப்பைத் திறந்தால் ஒரு வரி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தது, கட்டமும் கேள்விக்குறியுமாக. கல்யாண வீட்டில் இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டு ஆளுக்கொரு பாஷை பேசுவது போல. பிறகுதான் உறைத்தது. போர்டு 38400 வேகத்தில் பேசுகிறது, மாட்யூல் 9600-ல் கேட்கிறது. மாட்யூலையும் 38400-க்கு மாற்றியதும் ரிசீவரின் இடக் கணக்கு, டாலர் குறியில் தொடங்கும் வரிகளாக, மளமளவென்று கொட்ட ஆரம்பித்தது. போர்டில் செய்த மாற்றங்களை ஃப்ளாஷில் சேமிக்க மறந்து, மறுநாள் வயலில் பவர் பேங்கைச் சொருகினால் எல்லாம் பழையபடி ஆகியிருந்தது என்பது தனிக்கதை. அன்று வெயில் வேறு. விடுங்கள்.

மச்சான் தன் ஐபோனில் முயன்றான், அதன் கண்ணுக்கு என் மாட்யூல் தெரியவே இல்லை. இந்தப் பழைய வகை ப்ளூடூத் சீரியல், ஆப்பிள் அனுமதி பெற்ற கருவியாக இருந்தால்தான் ஐபோனில் ஓடும். இல்லாவிட்டால் பிஎல்இ என்ற புது வகை ப்ளூடூத் மாட்யூல் வேண்டும். வாங்குவதற்கு முன் இதை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் மச்சான் எதிரே மானம் போயிருக்காது.

அடுத்தது மாக் லொகேஷன். ஆண்ட்ராய்டில் போனைப் பற்றிய பக்கத்துக்குப் போய் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் "மாக் லொகேஷன் ஆப்" என்ற இடத்தில் ஒரு ஆப்பைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஆப் சொல்கிற இடத்தைத்தான் போன் முழுவதும் தன் இடம் என்று நம்பும். ப்ளூடூத்திலிருந்து ரிசீவரின் வரிகளை வாங்கி, இணையத்திலிருந்து பேஸின் திருத்தத்தை வாங்கி ரிசீவருக்கு அனுப்பி, கிடைக்கும் இடத்தைப் போனுக்கு ஊட்டிவிட லெஃபிபர் என்ட்ரிப் கிளையன்ட் என்று ஒரு ஆப் இருக்கிறது. (திருத்தத்தை இணையத்தில் அனுப்பும் முறைக்குப் பெயர்தான் என்ட்ரிப்.) சர்வர் முகவரி, 2101 என்ற போர்ட், மவுன்ட்பாயின்ட் பெயர் (சர்வரில் நம் பேஸுக்கு உள்ள பெயர்), பயனர் பெயர், பாஸ்வேர்டு. இவ்வளவுதான் அதில் நிரப்ப வேண்டியது. நான் ஏற்கனவே பழகிய சர்வே ஆப்புக்கு நேரடியாக ப்ளூடூத் படிக்கத் தெரியாது. ஆகவே இந்த வழியில் போனேன். இங்கேதான் விழுந்தேன்.

முதல் நாள் காலை ஆறரைக்கு ஆரம்பித்து 43 புள்ளிகள் எடுத்தேன். பைப்பின் நுனி ஈரமண்ணில் இறங்குகிறது என்று டிபன் பாக்ஸ் மூடியை ஒவ்வொரு இடத்திலும் அடியில் வைத்து வைத்து எடுத்தேன். சித்தப்பா பையன்தான் மூடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினான். ராத்திரி உட்கார்ந்து சமஉயரக் கோடு போட்டுப் பார்த்தால், வயலின் நடுவில் நான்கு மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று. திருவாரூர் மாவட்டத்தில், எங்கள் நாலரை மாவில், மருதமலை மாதிரி! அதைப் பார்த்து அம்மா, "ஒரு முருகன் செலைய வாங்கி மேல வச்சிடு" என்றார்.

நடந்தது இதுதான். ஏழாவதோ எட்டாவதோ புள்ளிக்குப் பிறகு, பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன், பின்னால் ஓடிக்கொண்டிருந்த கிளையன்ட் ஆப்பை மூடிவிட்டது. மாக் லொகேஷன் நின்றுபோனது. சர்வே ஆப் புகார் எதுவும் சொல்லவில்லை, போனின் சொந்த ஜிபிஎஸ்ஸுக்கு மாறிக்கொண்டு சமர்த்தாக வேலையைத் தொடர்ந்தது. நீலப்புள்ளி அப்படியே நகர்ந்தது. என் கையில் பைப் இருந்தது, ஆன்டெனா இருந்தது, ப்ளூடூத் விளக்கும் எரிந்தது. ஆனால் எண் வந்துகொண்டிருந்தது என் சட்டைப் பையிலிருந்து. கேபிள் கழன்றாலோ பேட்டரி செத்தாலோ தெரிந்துவிடும். இது வேறு இடத்திலிருந்து எண்ணை எடுத்து அதே தட்டில் பரிமாறுகிறது. முப்பது சொச்சம் புள்ளிக்கு நான் துல்லியம் என்ற கட்டத்தை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் 3.8 மீட்டர் என்று போட்டிருந்தது தெரிந்திருக்கும்.

அன்றோடு மாக் லொகேஷனுக்கு ஒரு கும்பிடு. நேபாளத்துக்காரர்கள் செய்த எஸ்டபிள்யூ மேப்ஸுக்கு மாறினேன். அது தானே ப்ளூடூத்தில் ரிசீவரைப் பிடிக்கிறது, என்ட்ரிப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. இடையில் இன்னொரு ஆள் இல்லை. அதோடு ரிசீவர் அனுப்பும் வரிகளில் ஜிஜிஏ என்று ஒன்று உண்டு. அதில் நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் தாண்டி ஒற்றை இலக்கம் ஒன்று வரும். 1 என்றால் சாதாரணம், 2 என்றால் ஏதோ ஓரளவு திருத்தம் வருகிறது, 5 என்றால் ஃப்ளோட், 4 என்றால் ஃபிக்ஸ். 5-ஐ விட 4 உசத்தி. இந்த வரிசையை யார் வைத்தார்களோ! நான் இப்போது 4 வராமல் புள்ளி எடுப்பதில்லை.

ஃப்ளோட்டுக்கும் ஃபிக்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று சித்தப்பாவுக்குச் சொல்லப் போய் எனக்கே அன்றுதான் விளங்கியது. களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே போவோம். கடைசியில் குறை மரக்காலில் எவ்வளவு இருக்கிறது என்பது பிடி அளவுக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் நடுவில் யாரோ பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை விட்டுப்போனால்? முழு மரக்கால் பதினேழா பதினெட்டா என்று தெரியாமல் அந்தக் குறை மரக்காலின் துல்லியத்தை வைத்து என்ன செய்வது? இங்கே மரக்கால் என்பது சாட்டிலைட்டிலிருந்து வரும் அலை. ஒரு அலை 19 சென்டிமீட்டர் நீளம். கடைசிக் குறை அலையை ரிசீவர் மில்லிமீட்டர் கணக்கில் அளந்துவிடும். ஆனால் நடுவே முழு அலை எத்தனை என்பதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து முழு எண்ணில் உட்கார்ந்துவிட்டால் ஃபிக்ஸ், இன்னும் பதினேழரை, பதினேழே கால் என்று இழுத்துக்கொண்டிருந்தால் ஃப்ளோட். "அப்ப அது தப்பா எண்ணிட்டு சரின்னு சாதிச்சா?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. சாதிக்கும், அபூர்வமாக. அதனால்தான் முக்கியமான இடங்களில் உள்ளங்கையால் ஆன்டெனாவை மூடி, ஃபிக்ஸைக் கெடுத்து, மறுபடி முதலிலிருந்து எண்ணவிட்டு, இரண்டாம் தடவையும் அதே எண் வருகிறதா என்று பார்க்கிறேன்.

மேற்கு வரப்போரம் முன்பு பன்னிரண்டு தென்னை நின்றது. 2018 நவம்பரில் கஜா ஒரே ராத்திரியில் பத்தைச் சாய்த்தது. அந்தப் பக்கம் இப்போது சாட்டிலைட் தங்குதடையில்லாமல் கிடைக்கிறது, நொடியில் ஃபிக்ஸ் ஆகிறது. சந்தோஷப்பட முடியாத சௌகரியம். மிச்சம் நிற்கும் இரண்டின் அடியில் போனால் இன்றைக்கும் 5-தான்.

மைனஸ் 86 விஷயம். அது தப்பே இல்லை. சாட்டிலைட் அளக்கும் உயரம் கடல் மட்டத்திலிருந்து இல்லை. பூமியை வழவழப்பான ஒரு முட்டை வடிவமாகக் கணக்கில் வரைந்துகொண்டு, அதன் மேற்பரப்பிலிருந்து அளக்கிறது. உண்மையான கடல் மட்டம் அந்த முட்டையோடு ஒட்டிப் போவதில்லை. ஈர்ப்பு விசை இடத்துக்கு இடம் கூடிக் குறைவதால் சில இடத்தில் புடைத்து, சில இடத்தில் அமுங்கிக் கிடக்கும். உலகத்திலேயே அதிகம் அமுங்கிய இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, 100 மீட்டருக்கு மேல் பள்ளம். நாம் அந்தப் பள்ளத்தின் சரிவில் குடியிருக்கிறோம். எங்கள் ஊர்ப் பக்கம் கடல் மட்டமே முட்டையிலிருந்து 90 மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது. அதற்கு மேல் சில மீட்டர் உயரத்தில் வயல். ஆக மைனஸ் 86. அதே ஜிஜிஏ வரியில் கடல் மட்ட உயரமும் இந்த வித்தியாசமும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன, ஆப்பில் எதைக் காட்டச் சொல்லியிருக்கிறோம் என்பதுதான் விஷயம். சித்தப்பாவிடம், "கடலே பள்ளத்துலதான் இருக்கு சித்தப்பா" என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும்தான் என்பதால் மைனஸிலேயே வேலையை முடித்தேன்.

வெயிலுக்குப் பயந்து ஒரு நாள் சாயங்காலம் இறங்கிப் பார்த்தேன், பங்குனி மாதம். ஆறரை வரை நன்றாக ஓடியது. இருட்டியபின் ஃபிக்ஸ் வருவதும் போவதுமாக அலைக்கழித்தது. சாட்டிலைட் எண்ணிக்கை குறையவில்லை, மேகமும் இல்லை. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதனால் நம் தலைக்கு மேலே இருக்கும் அயனி மண்டலம் சூரியன் சாய்ந்த பிறகு சில மணி நேரம் கொதிக்கிற உலை மாதிரி குமிழ்விடும், அதைத் தாண்டி வரும் சிக்னல் தடுமாறும். பங்குனியிலும் ஐப்பசியை ஒட்டியும் இது அதிகம். நியூயார்க்காரர் எழுதிய வழிகாட்டியில் இந்தத் தொல்லையைப் பற்றி ஒரு வரி இருக்காது. நம் பக்கத்தில் ஆர்டிகே வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

இன்னொரு நாள் நடு வயலில் ஃபிக்ஸ் போனது. திருத்தம் வந்து எத்தனை நொடி ஆகிறது என்று ஒரு கட்டம் காட்டும், அது 2, 3 என்று இருக்க வேண்டியது 40, 41 என்று ஏறிக்கொண்டிருந்தது. போன் டவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தால், அம்மா மிக்ஸி போடுவதற்காக பேஸ் லேப்டாப்பின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். தேங்காய்ச் சட்னி நன்றாக இருந்தது.

கடைசியில் வாய்க்காலில் 600 மீட்டருக்குப் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி, வயலில் ஐம்பது புள்ளி. ஒவ்வொன்றிலும் முப்பது நொடி நின்று சராசரி. சித்தப்பா இதையும் நம்பத் தயாராக இல்லை. "கொத்தனாரு டியூப்ப கொண்டா" என்றார். இருபது மீட்டர் டியூபில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழ் தட்டி வெளியேற்றி, மதகுத் தரையிலிருந்து மேற்கு மூலை வரை மூன்று தாவலில் வந்தோம். டியூப் சொன்னது 21.5 சென்டிமீட்டர் மேடு. ஆப் சொன்னது 23. ஒன்றரை வித்தியாசம். உயரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிசகும் என்று அவரிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன். மூன்று தாவலில் டியூபும் கொஞ்சம் பிசகியிருக்கும். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் டியூபைச் சுருட்டினார்.

வழக்கின் தீர்ப்பு இரண்டு கட்சிக்கும் சாதகமாக வந்தது. மேற்குப் பக்கம் கிழக்கு மூலையைவிட 14 சென்டிமீட்டர் மேடுதான். ஆனால் வாய்க்காலிலும் சிறுபாலத்துக்குக் கொஞ்சம் மேலே ஒன்பது சென்டிமீட்டர் திண்டு ஒன்று குறுக்கே படுத்திருந்தது. படத்தைக் காட்டியதும் சித்தப்பா, "அது எருமை எறங்குற தொறைடா. கரைய மிதிச்சு மிதிச்சு மண்ண உள்ள தள்ளிருக்கு" என்றார். இதைப் பத்து வருடமாக டீக்கடையில் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

(இதை வைத்து யாரும் வரப்புச் சண்டைக்குக் கிளம்ப வேண்டாம். எல்லைக் கல்லும் புலப்படமும் அரசு சர்வேயர் வேலை. என் பேஸ் உலகக் கணக்கில் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி இருந்தாலும் என் வயலின் ஏற்ற இறக்கத்துக்கு அது ஒன்றும் செய்யாது. பட்டா எல்லைக்கு நிறையவே செய்யும்.)

மறுநாள் காலை ஆறு மணிக்கு சித்தப்பாவும் பக்கத்து வயல்காரரும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு எருமைத்துறையில் நின்றார்கள். நான் கரையில் பைப்போடு. அவர்கள் வெட்ட வெட்ட நான் மூடியை வைத்து அளந்து சொன்னேன். ஏழு பாக்கி. நாலு பாக்கி. ரெண்டு.

"இன்னும் ரெண்டு இருக்கா?"

"ரெண்டு சென்டிமீட்டரு இந்தக் கருவியோட தப்புக்குள்ளயே போயிடும் சித்தப்பா. போதும், ஏறி வாங்க."

அவர் குனிந்து இன்னொரு கூடை மண்ணை வெட்டிக் கரைமேல் போட்டுவிட்டுத்தான் ஏறினார்.